உயர்விலை மோட்டார் சைக்கிளை மாற்றிப் புதியது வாங்குதல்: தேய்மானத்தைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் முறை

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாம் என்ற எண்ணத்தோடு ஷோரூமுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், தங்கள் வண்டிக்கு எவ்வளவு போடுவார்கள் என்ற ஒரே கேள்வியோடுதான் செல்கிறார்கள். டீலருக்கு இது வசதியான கேள்வி. பழைய வண்டியின் மதிப்பை உயர்த்திச் சொல்லிவிட்டு, புதிய வண்டியில் தரக்கூடிய தள்ளுபடியைக் குறைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுவார். டீலரின் கணக்கில் எதுவும் மாறியிருக்காது. உயர்விலை வண்டிகளில் தொகைகள் பெரியவை என்பதால், இந்த இடத்தில் ஏமாறினால் இழப்பும் பெரிதாகவே இருக்கும். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு. கையிலிருந்து கூடுதலாகக் கொடுக்க வேண்டிய வித்தியாசத் தொகை ஒன்று. வண்டி உங்களிடம் இருந்த காலத்தில் ஆண்டுக்கு எவ்வளவு மதிப்பை இழந்தது, இனி எவ்வளவு இழக்கும் என்பது மற்றொன்று; இந்த மதிப்பிழப்பையே தேய்மானம் என்கிறோம். எக்ஸ்சேஞ்ச் மதிப்பு என்று தாளில் எழுதப்படுவது இவ்விரண்டையும் கணக்கிட உதவும் ஓர் உறுப்பு மட்டுமே.

உயர்விலை வண்டி ஏன் வேகமாகத் தேய்கிறது

முதல் காரணம், நீங்கள் கொடுத்த பணம் முழுவதும் வண்டிக்காகக் கொடுத்ததல்ல என்பது. வரி, பதிவுக் கட்டணம், முதல் ஆண்டுக் காப்பீடு, டீலரின் லாபம் ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்கியுள்ளன. வண்டி ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிடத்திலேயே இவை திரும்பி வராத செலவுகளாகிவிடுகின்றன. முதல் ஆண்டு வீழ்ச்சி செங்குத்தாகத் தெரிவதற்கு இதுவே பெரும் காரணம். வண்டி அந்த ஓராண்டில் கெட்டுப்போனது என்பது அதன் பொருளல்ல.

இரண்டாம் காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. வண்டியின் விலை பாதியாகக் குறைந்தாலும் அதைப் பராமரிக்கும் செலவு பாதியாகக் குறைவதில்லை. பாதி விலைக்கு ஒரு சூப்பர் பைக்கை வாங்குபவர், அதன் டயருக்கும் பிரேக் பேடுக்கும் வால்வு சோதனைக்கும் விழுந்தால் மாற்ற வேண்டிய வெளி உறையான ஃபேரிங்குக்கும் முழு விலையையே கொடுக்க வேண்டும். டுகாட்டி பனிகாலே வி4 போன்ற, என்ஜின் வால்வுகளை ஸ்பிரிங் இல்லாமல் இயந்திர முறையிலேயே மூடும் டெஸ்மோ வால்வு முறை கொண்ட வி4 வண்டிகளில் வால்வு இடைவெளிச் சோதனை 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வருகிறது. அதே நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய மல்டிஸ்ட்ராடா வி4இல் வால்வு ஸ்பிரிங் முறைக்கு மாறியதால் அந்த இடைவெளி 60,000 கிலோமீட்டராக நீண்டது. பழைய வண்டியை வாங்குபவர் விலையை மட்டும் பார்ப்பதில்லை, அடுத்து வரப்போகும் சர்வீஸ் பில்லையும் சேர்த்தே பார்க்கிறார். எனவே 22,000 கிலோமீட்டர் ஓடிய பனிகாலேக்கும் வால்வு வேலை முடித்து 25,000 ஓடிய பனிகாலேக்கும் இடையில், கிலோமீட்டர் கூடுதலாக இருந்தும் இரண்டாவது வண்டி எளிதாக விலைபோகக்கூடும்.

மூன்றாவதாக, எலெக்ட்ரானிக்ஸ் வேகமாகப் பழையதாகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ்; வளைவுகளில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏபிஎஸ், போஷ் நிறுவனத்தின் அமைப்பாக 2014ஆம் ஆண்டு மாடலான கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அது இல்லாத உயர்விலை வண்டியை வாங்கத் தயங்கும் நிலை ஏற்பட்டது. முன்னும் பின்னும் ரேடார் பொருத்திய முதல் உற்பத்தி மோட்டார் சைக்கிளாக மல்டிஸ்ட்ராடா வி4 வந்தபோதும் அப்படித்தான்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஒரே அறிவிப்பில் முந்தைய தலைமுறை ஆகிவிட்டன. 2023 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் அறிமுகமானது. முன்னதான ஆர் 1250 ஜிஎஸ்ஸைவிட அது 12 கிலோ எடை குறைந்தது. குதிரைத்திறனோ 136இலிருந்து 145 ஆக உயர்ந்திருந்தது. 1250 வைத்திருந்தவரின் வண்டியில் அந்த மாதம் எதுவும் மாறவில்லை. ஆனால் அதை மாற்ற நினைத்தவர், அறிவிப்புக்கு முன்னர் போயிருந்தால் வேறு பேச்சைக் கேட்டிருப்பார்.

எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு. சுசுகி ஹயபூசா 1999இல் வந்தது. இரண்டாம் தலைமுறை 2008இலும் மூன்றாம் தலைமுறை 2021இலும்தான் வந்தன. மாடல் மாறாமல் நீண்ட காலம் நிற்கும் வண்டியில், மூன்று வயதான வண்டிக்கும் புதிய வண்டிக்கும் கண்ணில் படும் வேறுபாடு குறைவு. எனவே வீழ்ச்சியும் மெதுவாக இருக்க இடமுண்டு.

தயாரிப்பாளரின் முடிவுகளும் உங்கள் வண்டியின் விலையைத் தொடும். ஹார்லி-டேவிட்சன் 2019இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லைவ்வயர் மின்சார வண்டி, 2021இல் லைவ்வயர் ஒன் என்ற பெயரில் அமெரிக்காவில் மறுபடி வந்தபோது விலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கப்பட்டிருந்தது. புதியதன் விலையே அப்படி இறங்கினால், பழையதை அதற்கு மேலான விலைக்கு எவரும் வாங்கமாட்டார்கள். போலாரிஸ் நிறுவனம் 2017 ஜனவரியில் விக்டரி வண்டிகளை நிறுத்துவதாக அறிவித்தது; இத்தாலியின் எனர்ஜிகா 2024இல் திவாலானது; கேடிஎம் 2024 நவம்பரில் கடன் மறுசீரமைப்புக்கு நீதிமன்றத்தை நாடியது. இத்தகைய செய்தி வரும்போது உதிரிபாகம் கிடைக்குமா என்ற அச்சம் ஒருபுறமும், தேங்கிய புதிய வண்டிகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் நெருக்கடி மறுபுறமும் பழைய வண்டியின் விலையை அழுத்துகின்றன. நிறுவனத்தின் நிதிநிலைச் செய்திகளை வாசிப்பதும் உயர்விலை வண்டி வைத்திருப்பவரின் வேலையில் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன்.

மாற்றுவதா, வைத்திருப்பதா

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதிய வண்டியின் மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 20 விழுக்காடும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 12 விழுக்காடு வீதமும், அதன்பின் 10 விழுக்காடு வீதமும், அந்தந்த ஆண்டின் தொடக்க மதிப்பிலிருந்து குறைகிறது என்று கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் மாடலுக்கான எண்களை விற்பனை விளம்பரங்களிலிருந்து நீங்களே எடுக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி முதல் ஆண்டு முடிவில் மதிப்பு 80; இரண்டாம் ஆண்டு முடிவில் 70; மூன்றில் 62; நான்கில் 56; ஐந்தில் 50; ஆறில் 45.

இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிய வண்டிக்கு மாறுபவர் ஒவ்வொரு முறையும் 30 இழக்கிறார். ஆறு ஆண்டுகளில் 90. ஒரே வண்டியை ஆறு ஆண்டுகள் வைத்திருப்பவர் 55 இழக்கிறார். இரண்டு வயதான வண்டியை 70க்கு வாங்கி நான்கு ஆண்டுகள் ஓட்டுபவர் 25 மட்டுமே இழக்கிறார், அதாவது ஆண்டுக்கு ஆறு சொச்சம். முதல்வருக்கோ ஆண்டுக்கு 15. மூவரும் ஓட்டுவது ஒரே மாடல் என்றாலும் தேய்மானம் இப்படி இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, நான் எவ்வளவு கொடுத்து வாங்கினேன் என்பதல்ல. அந்தப் பணம் போய்விட்டது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது திரும்பாது. இந்த வண்டியை இன்னும் ஓராண்டு வைத்திருந்தால் எவ்வளவு இழப்பேன், புதிய வண்டியின் முதல் ஆண்டில் எவ்வளவு இழப்பேன், இவ்விரண்டுக்கும் இடையிலான தொகை புதிய வண்டி தரும் மகிழ்ச்சிக்கு ஈடாகுமா என்பதே கேள்வி. ஈடாகும் என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் மாற்றுங்கள். உயர்விலை வண்டியை எவரும் சிக்கனத்துக்காக வாங்குவதில்லை. அதன் விலையை அறிந்து வாங்குவதற்கும் அறியாமல் வாங்குவதற்கும் மட்டுமே வேறுபாடு.

வைத்திருப்பதன் செலவையும் நேர்மையாகக் கூட்ட வேண்டும். உத்தரவாதக் காலம் முடியப்போகிறதா, பெரிய சர்வீஸ் வருகிறதா, இரண்டு டயரும் செயின் தொகுப்பும் ஒரே பருவத்தில் மாற்ற வேண்டியிருக்குமா என்று பாருங்கள். ஓராண்டுத் தேய்மானம் 6 என்றாலும் அந்த ஆண்டுப் பராமரிப்பு 8 ஆனால், வைத்திருப்பதன் உண்மைச் செலவு 14. என் கணிப்பில், உத்தரவாதம் முடிவதற்குச் சில மாதங்கள் மீதமிருக்கும்போது மாற்றுவதே பெரும்பாலான உயர்விலை வண்டிகளுக்கு நல்ல தருணம். வாங்குபவருக்கு மாறக்கூடிய உத்தரவாதமாக இருந்தால், அந்த மீதி மாதங்களுக்கும் ஒரு விலை கிடைக்கும். அந்தத் தருணத்தைத் தவறவிட்டவருக்கு, தேய்மானத்தின் வேகம் தணியும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு வரை வைத்திருப்பதே நல்லது.

பருவமும் பொருட்படுத்தத் தக்கது. பனிக்காலத்தில் வண்டியை உள்ளே நிறுத்திவைக்கும் நாடுகளில் இளவேனில் தொடங்கும்போது தேவை உயரும், இலையுதிர்காலத்தில் விழும். பெருமழைக் காலம் உள்ள இடங்களிலும் இதே போக்கைக் காணலாம். புகை விதிகள் மாறும் ஆண்டுகளில், பழைய விதிக்கு உட்பட்ட புதிய வண்டிகளை டீலர்கள் கெடு தேதிக்குள் பெரிய தள்ளுபடியில் விற்றுத் தீர்ப்பார்கள். ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதி பெரும்பாலான புதிய வண்டிகளுக்கு 2021இல் கட்டாயமானது அப்படிப்பட்ட ஒரு கெடு. அந்த நேரத்தில் வாங்குவது நல்லது, விற்பது நல்லதல்ல.

டீலர் போடும் கணக்கு

டீலர் சொல்லும் தொகையைக் கேட்டு மனம் புண்பட வேண்டியதில்லை. அது எப்படி வருகிறது என்று அறிந்தால் போதும். உங்கள் வண்டியை எந்த விலைக்குத் தன்னால் விற்க முடியும் என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். விளம்பரத்தில் காணும் விலைகள் கேட்கும் விலைகளே. விற்ற விலை அதற்குக் கீழே இருக்கும். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒத்த கிலோமீட்டர் கொண்ட வண்டிகளின் விளம்பரங்களைச் சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தால், எந்த விலையில் உள்ளவை மறைகின்றன, எவை விலை குறைத்துக் குறைத்து நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். மறைந்தவற்றின் கடைசி விலையே சந்தை விலைக்கு அருகில் இருப்பது.

அந்த விலையிலிருந்து டீலர், வண்டியைச் சரிசெய்யும் செலவு, விற்கும்வரை பணம் முடங்கிக் கிடப்பதற்கான வட்டி, இடம், விற்ற பின் வரக்கூடிய பழுதுக்கான ஒதுக்கீடு, தன் லாபம் ஆகியவற்றைக் கழிக்கிறார். மீதி நிற்பது உங்களுக்குச் சொல்லப்படும் தொகை. விற்பனை விலை 100 என்றால் 75 முதல் 85 வரை ஒரு தொகையைக் கேட்பது இந்தக் கணக்கில் இயல்பே. குறைவாக விற்கும் மாடலானால் முடங்கும் காலம் நீளும் என்பதால் கழிவும் கூடும். அதே பிராண்டின் டீலருக்கு உங்கள் வண்டியைக் கேட்டுவரும் வாடிக்கையாளர் உண்டு. வேறு பிராண்டின் டீலர் பெரும்பாலும் அதை வேறொரு வியாபாரிக்கே தள்ளிவிடுவார், ஆகையால் அந்த வியாபாரியின் லாபமும் உங்கள் தொகையிலிருந்தே போகும். வேறு பிராண்டுக்கு மாறுபவர்கள் எக்ஸ்சேஞ்சுக்கு முன் தங்கள் பழைய பிராண்டின் டீலரிடமும் ஒரு நேரடி கொள்முதல் விலையை எழுதி வாங்கிக்கொள்வது அவசியம்.

வண்டியைத் தயார் செய்தல்

மதிப்பிடுபவர் எதைப் பார்ப்பார் என்று தெரிந்தால், எதைச் சரிசெய்ய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதும் தெரியும். அவர் முதலில் பார்ப்பது வண்டி விழுந்ததா என்பதை. ஹேண்டில்பார் முனை, பிரேக் லீவரின் நுனி, ஃபுட்பெக்கின் வெளி விளிம்பு, என்ஜின் மூடி, சைலன்சரின் கீழ்ப்பக்கம் ஆகியவை ஒரே பக்கத்தில் தேய்ந்திருந்தால் கதை விளங்கிவிடும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, சேசிஸின் கழுத்தில் உள்ள தடுப்புகள் நசுங்கியுள்ளனவா என்று பார்ப்பார். நசுங்கியிருந்தால் பலத்த அடி என்று பொருள். பிறகு முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஸ்டியரிங் பேரிங்கில் நடுவில் சிக்கும் உணர்வு, சக்கர விளிம்பில் வளைவு, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கியாக வளைந்துள்ளனவா என்பது. பிரேக் டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அவர் அளந்து பார்ப்பார், நீங்களும் முன்கூட்டியே அளந்து பார்க்கலாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் நிறைய இருந்தும் வயதான டயருக்கு மதிப்பில்லை. இறுதியாக டயக்னாஸ்டிக் கருவியை இணைத்துப் பிழைக் குறிப்புகளைப் படிப்பார். பல வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமின்றி வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது என்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

இவற்றில் எதையும் மறைக்க முயல வேண்டாம். நின்ற இடத்தில் ஒருமுறை சாய்ந்து விழுந்தது என்று முதலிலேயே சொல்லி, மாற்றிய பாகத்தின் பில்லையும் காட்டுபவரிடம் அந்த ஒரு குறைக்கான தொகையைத்தான் கழிப்பார்கள். மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டால், கண்டுபிடிக்காதது இன்னும் எத்தனையோ என்ற ஐயத்துக்கும் சேர்த்துக் கழிப்பார்கள்; அப்படிக் கழிப்பதில் நியாயமும் உண்டு.

என்ன செலவு செய்யலாம்? ஆழ்ந்த கழுவல், செயின் சுத்தம், எரியாத விளக்கு, தேய்ந்த கைப்பிடி உறை, கீறிய லீவர், சோர்ந்த பேட்டரி போன்ற சிறு செலவுகள் போட்டதைவிட அதிகமாகத் திருப்பித் தரும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்; கறுத்துப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள், பார்த்தவுடன் பராமரிப்பைக் காட்டிக்கொடுக்கும் இடம் அது. பெரிய சர்வீஸையோ புதிய டயர்களையோ எக்ஸ்சேஞ்சுக்காகப் போட வேண்டாம். டீலர் அவற்றைத் தன் பட்டறையில் தன் கூலிக் கணக்கில் செய்துகொள்வார்; அவர் கழிக்கும் தொகை நீங்கள் கொடுக்கப்போகும் பில்லைவிடக் குறைவாகவே இருக்கும். நேரடியாக ஒரு தனிநபருக்கு விற்பதானால் நிலை வேறு. சர்வீஸ் முடிந்த பில்லைப் பார்த்ததும் வாங்குபவரின் மனம் அமைதியடையும். அங்கே அந்தச் செலவுக்குப் பலன் உண்டு.

கூடுதலாகப் பொருத்திய பாகங்கள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உயர்விலை வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் மனவருத்தம் அடைவது இங்கேதான். டைட்டானியம் எக்ஸாஸ்ட், கார்பன் ஃபைபர் பாகங்கள், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் மாற்றிய நிரல் ஆகியவற்றுக்கு டீலர் ஏறத்தாழ எதுவும் தரமாட்டார். உத்தரவாதமும் புகைச் சோதனையும் கேள்விக்குள்ளாகும் என்பதால் சில சமயம் கழிக்கவும் செய்வார். ஆகவே கழற்றிய மூலப் பாகங்களை முதல் நாளிலிருந்தே பத்திரமாக வைத்திருங்கள். மாற்றும் முன் அவற்றை மீண்டும் பொருத்திவிட்டு, கூடுதல் பாகங்களை அதே மாடல் வைத்திருக்கும் வேறொருவருக்குத் தனியாக விற்றுவிடுங்கள். பெட்டிகள் மட்டும் விதிவிலக்கு. நெடும்பயண வண்டிகளில் தயாரிப்பாளரின் பக்கவாட்டுப் பெட்டிகள், அவற்றின் சாவிகளோடு இருந்தால், வாங்குபவர்கள் அவற்றை வண்டியின் ஒரு பகுதியாகவே எதிர்பார்க்கிறார்கள். கழற்றி விற்றால் வண்டி விற்பது தாமதமாகும்.

ஆவணக் கோப்பை இதே கவனத்தோடு அடுக்குங்கள். பதிவுச் சான்று, காப்பீடு, ஒவ்வொரு சர்வீஸின் பில், உத்தரவாதச் சான்று, தயாரிப்பாளர் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்திருந்தால் அந்த வேலை முடிந்ததற்கான பதிவு, இரண்டு சாவிகள், உரிமையாளர் கையேடு ஆகியவை இருக்க வேண்டும். ஒரு சாவி தொலைந்திருந்தால், சாவியில் சிப் உள்ள வண்டிகளில் அதற்கான கழிவு எதிர்பாராத அளவுக்குப் பெரியதாக இருக்கும். நீங்களே முன்கூட்டி வாங்கிவிட்டால் செலவு தெரிந்த செலவாக இருக்கும். சேசிஸில் பொறித்த 17 எழுத்தெண் வரிசையும் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

இரண்டு விலைத்தாள்களைக் கேளுங்கள்

எக்ஸ்சேஞ்ச் செய்யும் எண்ணத்தை டீலரிடம் மறைத்து, புதிய வண்டியின் விலையைப் பேசி முடித்த பிறகே பழைய வண்டியைப் பற்றி வாய் திறக்க வேண்டும் என்று பலர் அறிவுரை கூறுவார்கள். இந்த மறைப்பு தேவையற்றது என்பது என் கருத்து. அனுபவமுள்ள விற்பனையாளர் நீங்கள் ஓட்டிவந்த வண்டியைப் பார்த்தவுடன் ஊகித்துவிடுவார். அதற்குப் பதில் வெளிப்படையாக இரண்டு விலைத்தாள்களை எழுத்தில் கேளுங்கள்: பழைய வண்டியைக் கொடுத்து வாங்கினால் நான் கொடுக்க வேண்டிய இறுதித் தொகை எவ்வளவு, எதையும் கொடுக்காமல் வாங்கினால் எவ்வளவு. இரண்டிலும் காப்பீடு, பதிவு, கட்டாயமாகச் சேர்க்கப்படும் பாகங்கள் உட்பட எல்லாமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதே உங்கள் வண்டிக்கு அவர் தரும் உண்மையான விலை.

ஓர் எடுத்துக்காட்டு. புதிய வண்டியின் பட்டியல் விலை 100. உங்கள் வண்டிக்கு 45 தருவதாகச் சொல்கிறார், தள்ளுபடி இல்லை, நீங்கள் கொடுப்பது 55. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் 6 தள்ளுபடி உண்டு, கொடுப்பது 94. ஆகவே உங்கள் வண்டிக்கு உண்மையில் கிடைப்பது 39. பக்கத்து டீலர் 41 மட்டுமே தருவேன் என்று சொல்லி, புதிய வண்டியில் 6 தள்ளுபடியையும் சேர்த்துக் கொடுத்தால், அங்கே நீங்கள் கொடுப்பது 53. 45 என்ற பெரிய எண்ணைவிட 41 என்ற சிறிய எண்ணே உங்களுக்கு நல்லது. எக்ஸ்சேஞ்ச் போனஸ், பண்டிகைச் சலுகை, இலவச ஜாக்கெட் என்று எத்தனை பெயர்கள் வந்தாலும் எல்லாவற்றையும் இந்த வித்தியாசத் தொகைக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

உண்மையான மதிப்பு 39 என்று தெரிந்த பிறகே தனிநபருக்கு விற்பதைப் பற்றிச் சிந்திக்க முடியும். வெளியே 46 கிடைக்கும் என்றால் உங்கள் உழைப்புக்குக் கிடைப்பது 7. விளம்பரம், அழைப்புகள், அறிமுகமில்லாதவருக்கு உயர்சக்தி வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் ஆபத்து, பணம் கணக்கில் உறுதியாக வந்து சேரும்வரையான கவலை, அதற்குள் புதிய வண்டியின் சலுகை முடிந்துவிடும் சாத்தியம் ஆகியவற்றை அந்த 7 ஈடுசெய்கிறதா என்று பாருங்கள். சில நாடுகளிலும் மாநிலங்களிலும் எக்ஸ்சேஞ்ச் செய்தால் வித்தியாசத் தொகைக்கு மட்டுமே விற்பனை வரி கட்டினால் போதும். அங்கே இந்த 7இன் பெரும்பகுதி வரிச் சேமிப்பிலேயே ஈடாகிவிடலாம். டீலரே உங்கள் பெயரில் வண்டியை நிறுத்தி விற்று, கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. அவசரமில்லாதவருக்கு அது நல்ல நடுவழி, ஆனால் அந்தக் காலத்தில் காப்பீடு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

மூன்று இடங்களிலாவது ஒரே வாரத்துக்குள் மதிப்பீடு வாங்குங்கள். எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்று எழுதச் சொல்லுங்கள். புதிய வண்டி வந்து சேர இரண்டு மாதம் ஆகும் என்றால், அதுவரை நீங்கள் ஓட்டப்போகும் கிலோமீட்டருக்கு வரம்பு குறித்து, அதற்குள் இருந்தால் தொகை மாறாது என்பதையும் சேர்த்து எழுத வைக்க வேண்டும். பதிவு செய்த நாளில் ஒன்று சொல்லி, புதிய வண்டியை எடுக்கும் நாளில் டயரைக் காட்டிக் குறைப்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் புகார்.

கடன் பாக்கி இருந்தால்

முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து, குறிப்பிட்ட தேதியில் கடனை முழுவதும் தீர்க்கத் தேவையான தொகையை, முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தோடு சேர்த்து, எழுத்தில் வாங்குங்கள். வண்டியின் உண்மை மதிப்பு 39, பாக்கி 30 என்றால் உங்களுக்கு 9 மிஞ்சும்; அதுவே புதிய வண்டிக்கான உங்கள் முன்பணம். பாக்கி 45 என்றால் 6 குறைகிறது. முன்பணம் குறைவாகவும் தவணைக் காலம் நீண்டதாகவும் உள்ள கடன்களில், தேய்மானம் அசலை முந்திக்கொண்டு போவதால் இந்த நிலை எளிதில் ஏற்படுகிறது.

அந்த 6ஐப் புதிய கடனோடு சேர்த்துவிடலாம் என்று டீலர் இனிமையாகச் சொல்வார். இதை ஏற்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். இல்லாத வண்டிக்கு வட்டி கட்டுவதோடு, புதிய வண்டியும் முதல் ஆண்டில் 20 இழக்கும்போது பள்ளம் இன்னும் ஆழமாகும்; வண்டி திருடுபோனாலோ முற்றிலும் சேதமானாலோ காப்பீடு தருவது வண்டியின் அன்றைய மதிப்பைத்தான், கடன் பாக்கியை அல்ல. கையிலிருந்து அந்த 6ஐக் கொடுக்க முடியாவிட்டால், பாக்கியும் மதிப்பும் சமமாகும்வரை மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள். அதுவரை அசலில் சிறிது சிறிதாகக் கூடுதலாகக் கட்டுங்கள்.

அடுத்த வண்டியில் குறைவாக இழக்க

மாற்றும் நாளில் பேசிப் பெறக்கூடியது சில விழுக்காடுதான். வாங்கும் நாளில் தவிர்க்கக்கூடிய தேய்மானம் அதைவிட மிகப் பெரியது. டீலரின் டெமோ வண்டியில் முதல் வீழ்ச்சியின் பெரும்பகுதியை அவரே ஏற்றுக்கொண்டிருப்பார், உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாடல் மாறப்போகும் தறுவாயில் பழைய மாடலைப் புதிதாக வாங்குவது, தள்ளுபடி பெரியதாகவும் நீங்கள் நீண்ட காலம் வைத்திருப்பவராகவும் இருந்தால் மட்டுமே பயன் தரும். சில நாடுகளில், தவணை முடிவில் வண்டிக்கு உறுதியான குறைந்தபட்ச மதிப்பை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் கடன் திட்டங்கள் உள்ளன. தேய்மானத்தின் ஆபத்து அங்கே நிறுவனத்தின் தோளுக்கு மாறுகிறது. ஆனால் கிலோமீட்டர் வரம்பும் வண்டியின் நிலை பற்றிய நிபந்தனைகளும் கடுமையாக இருக்கும் என்பதால், நெடும்பயணம் செல்பவருக்கு அவை ஏற்றவையல்ல.

ஒப்படைக்கும் நாள்

வண்டியைச் சுற்றிலும் மீட்டரையும் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், சேசிஸ் எண், ஓடிய தூரம், ஒத்துக்கொண்ட தொகை ஆகியவை எழுதப்பட்டு டீலர் கையொப்பமிட்ட தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பின் நிகழும் விபத்துக்கோ விதிமீறலுக்கோ நீங்கள் பொறுப்பல்ல என்பதற்கு அதுவே சான்று. உரிமை மாற்றப் படிவங்களில் வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்திடாதீர்கள். கடன் தீர்ந்ததற்கான சான்றைக் கடன் நிறுவனத்திடமிருந்து நீங்களே நேரடியாகப் பெற்றுக்கொள்ளுங்கள்; டீலர் கட்டிவிட்டதாகச் சொல்வது மட்டும் போதாது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டில் சேர்த்து வைத்துள்ள கோரிக்கையின்மைத் தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) உங்கள் நாட்டு விதிப்படி உங்களுக்கே உரியதானால், அதைப் புதிய வண்டிக்கு மாற்றும் கடிதத்தையும் வாங்குங்கள்.

வண்டியின் திரையோடு இணைத்த கைபேசி, அதில் சேமித்த தொடர்பு எண்கள், வீட்டு முகவரி, பயண வழிகள் ஆகியவற்றை அழித்து, தயாரிப்பாளரின் செயலியில் உங்கள் கணக்கிலிருந்து அந்த வண்டியை நீக்குங்கள். இருப்பிடம் காட்டும் கருவிக்குத் தனிச் சந்தா இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்து, பதிவுத் துறையின் ஆவணத்தில் உரிமையாளர் பெயர் மாறியுள்ளதா என்று பாருங்கள். இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால், கையொப்பமிட்ட ஒப்படைப்புத் தாளின் நகலை இணைத்து, டீலருக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.